ஆற்று வளைவில் ஓர் ஊர்

கணினித் திரையில் ஒரு கற்பனை நாடு விரிந்து கிடக்கிறது. ஒரு வீடியோ விளையாட்டுக்காக அதை வரைகிறவள், ஆதிகுடிகளின் ஊரை, தன் அம்மாவை எந்த ஊரிலிருந்து துரத்திவிட்டார்களோ அந்த ஊரைப் போலவே ஆற்று வளைவில் வைத்திருக்கிறாள். முதலாளி காபிக் கோப்பையோடு அவள் தோளுக்குப் பின்னால் குனிகிறார். "கப்பல்ல வந்து குடியேறுறவங்களுக்குக் கோட்டை கட்டத் தண்ணியோரமா இடம் வேணும்மா. இவங்களை மலைப்பக்கம் தள்ளிடு." "இவங்கதான் சார் முதல்லருந்து இங்க இருக்காங்க." "நீ வரைஞ்சவங்கதானே, கோவிச்சுக்கவா போறாங்க?" பக்கத்து மேசையில் யாரோ சிரிக்கிறார்கள். அவள் குடிசைகளைச் சுற்றிக் கோடிழுத்து நகர்த்துகிறாள். ஒரே இழுப்பில், அடுப்புப் புகைகூடக் கலையாமல், அத்தனையும் மலையேறிவிடுகின்றன. கரையில் கல்லறைகள் மட்டும் மிச்சமிருக்கின்றன. "இதுங்களை என்ன சார் பண்றது?" என்று கேட்கிறாள். அவர் ஒரு வாய் காபி குடிக்கிறார். "அது அங்கயே இருக்கட்டும்மா. பார்க்க அழகா இருக்கு."