ஒரு கை வயல் மண்

சல்லடையை இன்னொரு தடவை குலுக்கினான். செங்கல் தூள் கீழே போயிற்று. மிளகளவுத் துண்டுகள் மேலே நின்றன. அவைதான் வேண்டும்.

ஈரச் சாக்கில் போன்சாயாக வளர்த்த இச்சி மரம் கிடந்தது. பன்னிரண்டு வயது, ஒரு முழ உயரம். வேரை வெட்டியாயிற்று. காய்வதற்குள் தொட்டியில் வைத்தாக வேண்டும்.

செங்கல் இரண்டு பங்கு. பருவெட்டான ஆற்று மணல் ஒரு பங்கு. மக்கிய இலை அரைப் பங்கு போதும். ஊற்றின தண்ணீர் நிற்காது.

இதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலம் கட்டுகிற இடங்களில் மண்ணைச் சோதித்துச் சொல்கிற வேலையில் இருந்தவன்.

இருந்தவன்.

மாமனாருக்கு முழங்கால் ஆபரேஷன், இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் தஞ்சாவூருக்கு வந்தார்கள். ஆறு வருஷம் ஆகிறது. ஒரே பெண், பெரிய வீடு, என்ன அவசரம் என்றார் மாமனார்.

திட்டினால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பலாம். இங்கே தாங்கு தாங்கென்று தாங்குகிறார்கள். முதல் தோசை அவனுக்கு. மனைவிக்கு அவன் 'ஏங்க'. மற்ற எல்லாருக்கும் 'மாப்பிள்ளை'. கீரைக்காரம்மாவுக்குக்கூட மாப்பிள்ளைதான்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஓசூரிலிருந்து பழைய இன்ஜினியர். காலையிலேயே சொல்லிவிட்டார்: ஐந்து மணிக்குள் வருகிறேன் என்று சொன்னால் வேலை உனக்கு, இல்லையென்றால் வேறு ஆள்.

மனைவியிடம் சொன்னபோது, "அப்பாகிட்ட நீங்களே சொல்லிக்குங்க" என்றாள். பிறகு பரணில் இருந்த பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள்.

மணி நாலேமுக்கால். போனை எடுக்கவில்லை. மாடிப்படியில் கைத்தடிச் சத்தம்.

மாமனார் வந்தார். கையில் துணி முடிச்சு. வருஷா வருஷம் கொண்டுவருவதுதான்.

"மாப்பிள்ளை, நம்ம வயல் மண்ணு. ஒரு கை போட்டுக்குங்க."

களிமண். காய்ந்தால் கல், நனைந்தால் பசை. போன வருஷம் புளி வேர் அழுகிச் செத்தது. அதற்கு முந்தின வருஷம் மாதுளை. கண்ணு பட்டிருச்சு என்று இந்த இச்சிக்குக் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார் மாமனார்.

இரண்டு தடவையும் அந்த மண்ணைப் பிசைந்து போட்டது இவன் கைதான். தெரிந்தே போட்டான். 'சரிங்க மாமா' என்று சொல்லிக்கொண்டே போட்டான். நினைத்தால் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மாமனார் முடிச்சை அவிழ்த்து நீட்டினார்.

"வேணாம் மாமா."

சொன்னது தானா என்று அவனுக்கே திக்கென்றது.

"என்ன மாப்பிள்ளை?"

"தண்ணி நின்னுரும். வேரு மூச்சு முட்டிச் செத்துரும். அந்த ரெண்டும் அப்படித்தான் செத்துச்சு. கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மாமனார் முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நம்ம மண்ணுல என்ன குறை மாப்பிள்ளை?"

"ஒரு குறையும் இல்ல மாமா. நெல்லுக்கு நல்ல மண்ணு."

மரத்தைத் தொட்டியில் வைத்தான். கலவையைக் கொட்டி, குச்சியால் குத்திக் குத்தி வேர் இடுக்குகளில் இறக்கினான். பூவாளியைச் சாய்த்தான்.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

தொட்டியின் அடித்துளை வழியாகத் தண்ணீர் ஓடி வந்தது. மேலே ஒரு சொட்டு தங்கவில்லை.

மாமனார் மெதுவாக முடிச்சைத் திரும்பக் கட்டினார்.

போன் மறுபடி அதிர்ந்தது. ஐந்துக்கு இரண்டு நிமிஷம். கையைக்கூடத் துடைக்காமல் எடுத்தான்.

மாமனார் நகரவில்லை. "யாரு மாப்பிள்ளை?" என்றார்.

அவன் அவரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"சார், நான் மதியழகன் பேசுறேன்."