பட்டியில் புகுந்த நரி

“கண்ணாத்தா, இன்னொரு ஆட்டையும் நரி தூக்கிட்டுப் போயிருச்சு!”

மனைவியிடம் நாச்சிமுத்து வருத்தத்தோடு சொன்னார். அந்த வருடத்தில் காணாமல் போன மூன்றாவது மேச்சேரி ஆடு அது. கண்ணாத்தாள் பெருமூச்சு விட்டாள்.

மறுவாரம், நாச்சிமுத்து ஆசையாக வைத்திருந்த கேமராவுக்குப் புது லென்ஸ் வந்தது.

“இது ஏதுங்க?”

“பால் சொசைட்டியில போனஸ் குடுத்தாங்க.”

பொங்கலுக்கு எருமப்பட்டியில் இருக்கும் கண்ணாத்தாளின் அண்ணன் சின்னுசாமியின் வீட்டுக்குப் போனார்கள்.

“எங்கண்ணனோட ஆடுகளை ஒரு போட்டோ எடுங்க” என்றாள் கண்ணாத்தாள்.

நாச்சிமுத்து புது லென்ஸை மாட்டிக் குறி பார்த்தார். கூட்டத்திலிருந்து மூன்று ஆடுகள் கத்திக்கொண்டே ஓடிவந்து அவர் வேட்டியை உரசின. அவருக்கு வியர்த்துவிட்டது.

“சந்தையில நீங்க வித்ததையெல்லாம் எங்கண்ணன்தான் ஆளு வெச்சு வாங்குச்சு. எனக்கே சீராக் குடுத்துருச்சு. இனி இதுக என்னுதுங்க.”

கண்ணாத்தாள் சிரித்துக்கொண்டே அவர் கையிலிருந்த கேமராவை வாங்கினாள்.

“ஆடுகளுக்கு நடுவுல போய் நில்லுங்க. அந்த நரியும் போட்டோவுல உழுகட்டும்!”