இருபத்திநாலு எம்.எம். கம்பி

மேசையின் மேல் மூன்று கம்பிகள் கிடந்தன. மூன்றுக்கும் ஒரே வளைவு. தடிமன் மட்டும் வேறு.

பட்டறைக்கு வருகிறவர்கள் எது நல்லது என்றுதான் கேட்பார்கள். கண்ணாடிக் கடைக்காரர் எது மோசமானது என்று கேட்டார்.

புரொபசருக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துவிட்டது.

புரொபசர் என்பது அங்கிருந்த மூத்த மெக்கானிக்குப் பட்டறையில் வைத்த பெயர். அதை மரியாதை என்று நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான். சுவரில் அவர் ரேஸ் கார் ஒன்றின் பக்கத்தில் ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு நிற்கும் படம் இருந்தது. காரும் ஹெல்மெட்டும் வேறொருவருடையவை. நின்றது மட்டும் இவர்.

கண்ணாடிக் கடைக்காரர் பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம். சட்டைப் பையில் பேனா, கையில் சின்ன நோட்டு. பேச்சுக்குப் பேச்சு ‘சார்’ போட்டார். முப்பத்தொரு வருடத்தில் புரொபசரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

லிஃப்டில் தூக்கி நிறுத்தியிருந்த சிவப்புக் காரைக் காட்டிப் பாடத்தை ஆரம்பித்தார் புரொபசர். பின்சக்கரங்கள் இரண்டையும் குறுக்கே இணைக்கிற கம்பி அது. வளைவில் வண்டி ஒருபக்கமாகச் சாயாமல் பிடித்துக்கொள்ளும். பழையது முனையில் விரிசல் விட்டிருந்தது. கம்பெனிக் கணக்கு பதினெட்டு எம்.எம். இருபது போட்டால் தப்பில்லை.

இருபத்திநாலைத் தொட்டதும் அவர் குரல் தானாகத் தணிந்தது.

“இது எல்லாருக்கும் கிடையாது. காய்ஞ்ச ரோட்டுல வண்டி கத்தி மாதிரி திரும்பும். மழை பெஞ்ச இறக்கத்துல, வளைவுக்கு நடுவுல, பயந்துபோய் ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தீங்கன்னா, வண்டியோட பின்பக்கம் சுத்திக்கிட்டு முன்பக்கத்தைப் பார்க்க வந்துடும்.”

“பயந்தா யாரா இருந்தாலும் காலை எடுக்கத்தானே சார் செய்வாங்க?”

“நான் எடுக்க மாட்டேன்.”

கண்ணாடிக் கடைக்காரர் அதைக்கூட எழுதிக்கொண்டார்.

எவ்வளவு வேகத்தில் சுற்றும் என்று கேட்டார். அறுபதே போதும் என்றார் புரொபசர். கம்பி முனையில் மூன்று துளைகள் இருக்கின்றனவே, அவை எதற்கு என்றார். வெளித்துளையில் மாட்டினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், உள்துளையில் மாட்டினால் எமன் என்று விளக்கம் வந்தது. பின்டயர் தேய்ந்திருந்தால்? அப்படிக் கேளுங்கள் என்று தொடையைத் தட்டிக்கொண்டு, சாக்பீஸை எடுத்துத் தரையில் ஒரு மலைப்பாதையை வரைந்தார். எந்த இடத்தில் வண்டி பிடி இழக்கும், எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு போகும், எங்கே போய் நிற்கும் எல்லாம் அம்புக்குறியோடு.

பக்கத்தில் கதவு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்த பெயின்டர் தலையைத் தூக்கினார்.

“புரொபசரே, பெல் எப்போ அடிக்கும்? சாப்பிடப் போகணும்.”

புரொபசர் காதில் வாங்கவில்லை. சாக்பீஸ் படத்தைக் கண்ணாடிக் கடைக்காரர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“அப்போ இருபத்திநாலே போட்டுடுங்க சார். உள்துளையில. தேய்ஞ்ச பின்டயர் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.”

புரொபசர் ஒரு நொடி தயங்கினார். பிறகு, ஒரு மணிநேரம் நோட்டும் கையுமாகப் பாடம் கேட்டவருக்கு இல்லாத தகுதி வேறு யாருக்கு என்று தோன்றியது. வேலைச்சீட்டில் ‘என் சிபாரிசு’ என்று எழுதி, வாலை நீட்டிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்தைப் பெரிதாகப் போடும்படி கேட்டுக்கொண்டவர் கண்ணாடிக் கடைக்காரர்தான்.

நாலு மணிக்கு வேலை முடிந்தது. வெளியே வெளிச்சம் மங்கி, காற்றில் மண் வாசனை ஏறியிருந்தது.

சாவி வாங்க வந்தது ஒரு பெண். நர்ஸ் உடுப்பு, தோளில் பை, நடையில் அவசரம்.

“கண்ணாடிக் கடை வண்டி ரெடியாண்ணே? டூட்டிக்கு லேட்டாயிடுச்சு. மலைக்கு மேல ஆஸ்பத்திரி, மழைக்கு முன்னாடி ஏறிடணும்.”

“சார் வரலையாம்மா?”

“அவர் வந்து என்ன பண்றது? அவருக்குத்தான் ஓட்டவே தெரியாதே, காலையில கூட கடைப் பையன்தான் கொண்டாந்து விட்டான். கல்யாண நாளுக்கு எனக்கு வாங்கிக் கொடுத்த வண்டி இது. நீங்களே பார்த்து எடுத்துக் கொடுத்த கம்பின்னு போன்ல ஒரே பெருமை.”

தகரக் கூரையில் முதல் துளி விழுந்தது. அடுத்தது விழ நேரமெடுத்தது.

புரொபசர் கையில் சாவி இருந்தது. தரையில் சாக்பீஸ் மலைப்பாதை இருந்தது. அதன் கடைசி அம்புக்குறி போய் நின்ற இடத்தில் அவளுடைய செருப்பு இருந்தது.

அவள் புருஷனைப் பற்றி எதைச் சொல்வது? கேள்வி கேட்டார் என்றா? நோட்டில் எழுதிக்கொண்டார் என்றா? சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் மிச்சமிருந்தது. அதை அவர் ஆயுளில் சொன்னதில்லை.

“தப்பா மாட்டிட்டேன்மா. என் தப்புதான். வண்டி இன்னைக்கு வெளிய போகக் கூடாது.”

பெயின்டரின் உப்புத்தாள் நின்றது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று பையைத் துழாவியபடி சிரித்துவிட்டாள்.

“என் ராசி அப்படிண்ணே. போன மாசம் எங்க வீட்டுக்காரர் வேற பட்டறையில பிரேக் பார்க்கக் கொடுத்தாரு, அங்க இருந்தவரும் இப்படித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சாவியைக் கொடுக்காம, தப்பா மாட்டிட்டேன்னுட்டாரு.”