மாதிரி வயல்

பூச்சிமருந்துக் கம்பெனி ஆலோசகர் பேச்சை அவள் ஒருநாளும் தட்டியதில்லை. அவர் கொடுத்த கேனிலிருந்து மருந்தை அளந்து, வாராவாரம் தக்காளிச் செடிகளுக்கு முதுகு நோக அடித்தாள். அப்படியும் இலைகள் சுருண்டன, காய்கள் அழுகின.

"பயப்படாதீங்கம்மா, விடாம அடிங்க" என்றார் அவர்.

அறுவடை நேரத்தில் ஒரு பஸ் நிறைய விவசாயிகளோடு வந்து இறங்கினார். பக்கத்தில் கொழுந்தன் வயல் காய்த்துக் குலுங்கியது. அங்கே ஒரு பலகை நட்டார்: 'எங்கள் மருந்து அடித்தது.' அவள் வயலில் இன்னொன்று: 'அடிக்காதது.'

"ஐயோ, நானும் அடிச்சேனே சார்!"

அவர் அவளை ஓரமாக அழைத்துப் போனார். "உங்க கேன்ல இருந்தது வெறும் கலர் தண்ணிம்மா. வித்தியாசம் காட்ட ஒரு வயல் வேணாமா?"

வந்தவர்களில் ஒருவர் அழுகிய காயைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, அவளிடம் அக்கறையாகச் சொன்னார்:

"கொஞ்சம் உடம்பு வணங்கி நீயும் அடிச்சிருக்கலாமே, தங்கச்சி?"