பூ உதிர்ந்த பிறகும் ஒரு விரிப்பு

படபடவென்று விரிப்பை உதறும் சத்தம். எத்தனையோ வருடங்களுக்கு முன் கேட்டது. மிசாவோவின் காதில் இன்னும் இருக்கிறது.

அப்போதுதான் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்தின் வாசலில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தாள். கதவு திறந்ததும் முதல் ஆளாக வருவார் கிழவர் சவாதாரி. குளக்கரை சகுரா மரத்தடியில் பெரிய நீல விரிப்பை விரிப்பார். மூலைக்கொரு கல் வைப்பார். ஓர் ஓரத்தில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்.

பூ இருந்தவரை யாரும் கேட்கவில்லை. பூப் பார்க்க மரத்தடியில் விரிப்பு போட்டு இடம் பிடிப்பது ஊர் வழக்கம். அடுத்தவர் விரிப்பை யாரும் மிதிக்கமாட்டார்கள். பூவெல்லாம் உதிர்ந்து மரம் பச்சையான பிறகும் அவர் வந்தார்.

“ஒத்த ஆளுக்குப் பத்துப் பேர் இடமா?” என்று தோட்டத்துக்கு வந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

தோட்டத் தலைவர் ஹயாமி மிசாவோவைக் கூப்பிட்டார். “இன்னிக்கே எடுக்கச் சொல்லும்மா. மாட்டேன்னா நாளையிலேருந்து உள்ளே விடாதே.”

விரட்டப் போனவள்தான். ஆனாலும் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் விரிப்பில் கால் வைத்தாள்.

“ஐயா, பூவே போயாச்சு. இன்னும் யாருக்கு இடம் பிடிக்கறீங்க?”

“மெதுவாம்மா. டிக்கெட் கிழிக்கிற மாதிரியே பேசறியே!”

தாடையால் பின்பக்கம் காட்டினார். புதருக்குள், இலை நிழலில், ஒரு கண் மின்னியது. காட்டு வாத்து அடைகாத்துக்கொண்டிருந்தது.

“ஆபீஸ்ல சொன்னா கயிறு கட்டியிருப்பாங்களே?”

“போன வருஷம் கட்டினாங்க. கயிறு கட்டினா நம்ம ஜனம் எட்டிப் பார்க்கும். கேமராவைத் தூக்கிட்டு ஊரே வந்துச்சு. பயந்துபோய் இவ முட்டையை விட்டுட்டுப் போயிட்டா. விரிப்புன்னா, மரியாதையா சுத்திப் போயிடுவாங்க.”

மிசாவோ திரும்பி வந்தாள்.

“செத்துப்போன சம்சாரத்துக்கு இடம் பிடிச்சு வெச்சிருக்காராம், சார்.”

ஹயாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“இருக்கட்டும். யாரும் அவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம்.”

தூறல் விழுந்த ஒரு காலையில் குஞ்சுகள் வரிசையாக வெளியே வந்தன. நீல விரிப்பையே தண்ணீர் என்று நினைத்தனவோ என்னவோ, அதன் நடுவில் கொஞ்சம் நின்றன. பிறகு அம்மாவின் பின்னால் குளத்தில் இறங்கின. சவாதாரி விரிப்பை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மிசாவோ சொன்ன கதை மட்டும் ஊரில் தங்கிவிட்டது. அந்தப் புண்ணியவதியின் நினைவாக இன்றும் யாராவது மரத்தடியில் ஒரு பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

சவாதாரி கல்யாணமே செய்துகொள்ளாமல் போய்ச் சேர்ந்தார்.