சவுக்கியமுங்க

மில் டாக்டரின் மேசைக்கு எதிரே மயிலாத்தாள் சுவரைப் பிடித்தபடி நிற்கிறாள். ஆடியில் வேலையின்போது பஞ்சுப்பொதி முதுகில் விழுந்தது. தை பிறந்தும் வலி போகவில்லை. மில்லில் வந்த வலிதான் என்று இவர் எழுதினால்தான் நஷ்டஈடு. ஜன்னல் வெயிலில் இங்க் புட்டி மின்னுகிறது. "சவுக்கியமா, அம்மணி?" என்கிறார் டாக்டர், தலை நிமிராமல். "உங்க புண்ணியத்துல சவுக்கியமுங்க." பழக்கத்தில் வாய் முந்திக்கொள்கிறது. பேனா கிறீச்சிடுகிறது. பக்கத்தில் நிற்கும் புருஷன் சுப்பண்ணன் பதறுகிறான். "ஐயோ, அது மரியாதைக்குச் சொன்னதுங்க! குனிஞ்சு ஒரு சொம்பு எடுக்க முடியறதில்லீங்க." "அம்மணியே சொல்லிப்போட்டாளே" என்கிறார் டாக்டர், எழுதிக்கொண்டே. "வலியில உசுரு போகுதுங்க, சாமி" என்று கும்பிடுவதற்காக மயிலாத்தாள் சுவரிலிருந்து கையை எடுக்கிறாள். அப்போதுதான் டாக்டர் நிமிர்ந்து பார்க்கிறார். "சுவத்தப் பிடிக்காமயே நிக்கறயே?"