மூன்று பிழைகள்

"தக் பொலே, முடியாது அஞ்சலை. இதுல நான் கை வைக்க மாட்டேன்" என்று காகிதத்தைத் திருப்பி நீட்டினாள் சிவகாமி டீச்சர்.

அஞ்சலை காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். இடுப்பில் பிள்ளை. கையில் ஜப்பான் எழுத்தில் அவளே எழுதிய மனு. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் மலாயாவில் ஆள் பிடிக்கிறார்கள். பட்டியலில் அவள் புருஷன் மருதமுத்துவின் பேரும் வந்துவிட்டது. விடிந்தால் லாரி. வீட்டில் ஒருவர் ஜப்பான் எழுத்தைக் கற்று, தானே மனு எழுதினால் பேரை எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு.

"தப்பு இருக்கா, டீச்சர்?"

"மூணு இருக்கு."

"எங்கேன்னு சொல்லுங்க, இப்பவே மாத்திடறேன்!"

"சொல்ல மாட்டேன். அப்படியே கொண்டு போய்க் கொடு."

நாலு மாதமாக ஜப்பான் மொழி வகுப்பில் ஒரு கோடு சாய்ந்தால்கூடப் பத்துத் தடவை எழுத வைத்தவள்! இன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டாளே?

வாசலில் காத்திருந்த பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி கொதித்தாள்.

"வயித்தெரிச்சல்டி! அவ புருஷன் சங்கரன் முதல் லாரியில போனவன், இன்னும் வரல. உன் புருஷன் மட்டும் வீட்டுல இருக்கலாமான்னு நினைக்கிறா!"

"இருக்குமாக்கா?"

"பின்னே? ரெண்டு கோடு போட்டா கையா தேஞ்சிடும்?"

அழக்கூட நேரமில்லை. அஞ்சலை ஜப்பான்காரர்களின் அலுவலகத்துக்கு ஓடினாள்.

ஜப்பான் அதிகாரி மனுவைப் படித்தான். படித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான். பென்சிலால் ஒரு வட்டம். இன்னொரு வட்டம். மூன்றாவது வட்டம்.

போச்சு, மாரியாத்தா!

"நீ எழுதினதா?" என்றான் அரைகுறை மலாயில்.

"நான்தான், துவான்."

மனுவைக் கவிழ்த்து வைத்தான். வெற்றுத் தாளையும் பென்சிலையும் அவள் முன் தள்ளினான். "துலிஸ்! எழுது!"

அஞ்சலை எழுத உட்கார்ந்தாள். பிள்ளை வேறு பென்சிலைப் பிடித்து இழுத்தது. அதன் கையைத் தட்டிவிட்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை எழுதி முடித்தாள்.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான் அதிகாரி. அதே மூன்று இடம். அதே மூன்று பிழை.

கடகடவென்று சிரித்தான்! பட்டியலை இழுத்தான். மருதமுத்துவின் பேர் மேல் நீளமாக ஒரு கோடு!

காஜா பெராங் தெருவே திரும்பிப் பார்க்க ஓடி வந்தாள் அஞ்சலை. பின்னாலேயே மூச்சு வாங்க பாக்கியலட்சுமி.

"டீச்சர்! அடிச்சிட்டாங்க! அவர் பேரை அடிச்சிட்டாங்க!"

சிவகாமி பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"முன்னால உட்கார வச்சு எழுதச் சொன்னாங்களா?"

"ஆமா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பாக்கியலட்சுமியின் பக்கம் திரும்பாமலே சிவகாமி சொன்னாள்.

"எனக்கு ஜப்பான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர், என் மனுவை இரக்கப்பட்டுத் திருத்திக் கொடுத்தார், அஞ்சலை. அதுல ஒரு பிழைகூட இல்ல. அங்கே உட்கார்ந்து எழுதினப்போ, என் பிழையெல்லாம் திரும்பி வந்துடுச்சு. என் வீட்டுக்காரர்தான் வரல."